எஸ்சிடலோபிராம் எடுக்கும்போது தூக்கத்துக்கு டிரிப்டோஃபான் சாப்பிடலாமா?

கேட்டவர் 29 வயதுத் தம்பி. சொந்த ஊர் கிருஷ்ணகிரி, பெங்களூரு முருகேஷ்பாளையாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். மாலை 5:30க்குத் தொடங்கி அதிகாலை 2:30 வரை ஷிஃப்ட். மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த எஸ்சிடலோபிராம் 10 மி.கி. மாத்திரையை ஐந்து மாதமாக எடுக்கிறார். பதற்றம் நன்றாகவே குறைந்திருக்கிறது, ஆனால் ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை. ஜிம் டிரெயினர் இரண்டு டப்பா வாங்க வைத்திருக்கிறார். ஒன்று பி.சி.ஏ.ஏ. என்கிற, மூன்று அமினோ அமிலம் கலந்த பவுடர், அதை ஒரு மாதமாகக் குடிக்கிறார். இன்னொன்று எல்-டிரிப்டோஃபான் என்கிற ஒற்றை அமினோ அமில மாத்திரை, 500 மி.கி.; தூக்கத்துக்கு என்று படுக்கும் முன் இரண்டு போடச் சொல்லியிருக்கிறார், இன்னும் திறக்கவில்லை. "அக்கா, அமினோ அமிலம் பருப்பிலும் முட்டையிலும் இருப்பதுதானே? அதைத் தனியாகச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்பது கேள்வி. இரண்டு டப்பாவின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. டிரிப்டோஃபான் டப்பாவைத் திறக்க வேண்டாம். உங்கள் மனநல மருத்துவரிடம் அந்த டப்பாவைக் காட்டி, அவர் சரி என்று சொல்லும்வரை அது மூடியே இருக்கட்டும். அதே சமயம், இதைப் படித்துப் பயந்துபோய் எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு, எல்லாம் வரலாம். நான் அல்சூரில் 17 வருடமாக மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். மாத்திரையைச் சேர்த்துக்கொண்டதால் வந்த தொல்லைக்குச் சமமாக, பயந்து பாதியில் விட்டதால் வந்த தொல்லையையும் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பருப்பில் இருப்பதுதான், உண்மை. ஆனால் எவ்வளவு, எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 2007ல் வெளியிட்ட கணக்குப்படி, வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மி.கி. டிரிப்டோஃபான் தேவை. 65 கிலோ எடை என்றால் 260 மி.கி. ஒரு முட்டையில் சுமார் 75 மி.கி. இருக்கும், ஒரு பெரிய டம்ளர் பாலில் 100 மி.கி. பக்கம் இருக்கும். இரண்டு வேளை பருப்போ, கொஞ்சம் தயிரோ, ஒரு முட்டையோ சாப்பிடுகிறவருக்கு இந்தத் தேவை தானாக நிறைந்துவிடும். உங்கள் டிரெயினர் சொன்ன இரண்டு மாத்திரையில் இருப்பது 1,000 மி.கி. ஒரு நாள் முழுக்கத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு, ஒரே மடக்கில், வெறும் வயிற்றில்.

உணவில் வரும்போது அது தனியாக வருவதில்லை. புரதம் மெதுவாகச் செரித்து, இருபது வகை அமினோ அமிலமும் கூட்டமாக ரத்தத்துக்கு வரும். மூளைக்குள் நுழைய டிரிப்டோஃபானுக்கு ஒரு வாசல் இருக்கிறது. அதே வாசலில்தான் லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் டிரிப்டோஃபான் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. அதனால் ஒரு தட்டு கறிக்குழம்பு சாப்பிட்டாலும் மூளைக்குள் போகும் டிரிப்டோஃபான் ஒரேயடியாக ஏறிவிடாது.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்கிறோம் இல்லையா, அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றும் இந்த வாசல்தான். நிறையச் சோறு சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும். அது லூசின் கூட்டத்தைத் தசைக்குள் அனுப்பிவிடும். டிரிப்டோஃபானில் பெரும்பகுதி ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்கிற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருப்பதால் அது அப்படியே நிற்கும். வாசலில் கூட்டம் குறைய, அது உள்ளே போக வழி கிடைக்கிறது.

இதை வைத்தே உங்கள் டிரெயினரின் யோசனையில் இருக்கும் முரணைப் பாருங்கள். பி.சி.ஏ.ஏ. என்பது லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றும்தான். அதைக் குடிக்கக் குடிக்க அந்த வாசலில் கூட்டம் சேரும். அப்புறம் தூக்கத்துக்கு என்று டிரிப்டோஃபானை அதே வாசலுக்கு அனுப்புகிறார். ஒரு டப்பா மறிக்கிறது, இன்னொரு டப்பா தள்ளுகிறது. இரண்டுக்கும் பணம் கொடுத்தது நீங்கள்.

சரி, மூளைக்குள் போனால் என்ன? டிரிப்டோஃபான் அங்கே 5-ஹைட்ராக்ஸிடிரிப்டோஃபான் ஆகி, அப்புறம் செரடோனின் ஆகிறது. நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள் அது. எஸ்சிடலோபிராம் செய்யும் வேலை, சுரந்த செரடோனினை நரம்பு செல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பது. ஒரு தொட்டியின் வடிகாலை அரைவாசி அடைத்து, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்து வைத்திருக்கிறார் உங்கள் மருத்துவர். அந்த விஷயம் தெரியாத ஒருவர் வந்து இன்னொரு குழாயைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? எல்லோருக்கும் தொட்டி வழியும் என்று நான் சொல்லவில்லை. மருந்து மட்டும் போதாத சில நோயாளிகளுக்கு மனநல மருத்துவர்களே தங்கள் கண்காணிப்பில் டிரிப்டோஃபானைச் சேர்த்துக் கொடுத்ததும் உண்டு. ஆனால் ஃப்ளூவாக்ஸெட்டின் எடுத்தவர்களுக்கு டிரிப்டோஃபான் சேர்த்தபோது படபடப்பு, இருப்புக்கொள்ளாமை, வயிற்றுக் கோளாறு வந்தது 1980களிலேயே பதிவாகியிருக்கிறது. ஃப்ளூவாக்ஸெட்டினும் எஸ்சிடலோபிராமும் ஒரே குடும்பத்து மருந்துகள். கண்காணிக்கிற மருத்துவருக்கே தெரியாமல் சேர்ப்பதில்தான் ஆபத்து.

செரடோனின் அளவு மீறினால் எப்படித் தெரியும் என்பதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் புதிதாக ஒன்றைச் சேர்த்த அல்லது அளவைக் கூட்டிய சில மணி நேரத்துக்குள், ஒரு நாளைக்குள் தொடங்கும். காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். இதயம் வேகமாக அடிக்கும். பேதியாகும். ஓர் இடத்தில் உட்கார முடியாது. கண்ணின் பாவை விரிந்திருக்கும். கால்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்: மருத்துவர் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டி அப்படியே பிடித்துக்கொண்டால், கணுக்கால் நிற்காமல் டக் டக்கென்று துடித்துக்கொண்டே இருக்கும். முற்றினால் உடல் விறைக்கும், காய்ச்சல் எகிறும், நினைவு தடுமாறும். அந்தக் கட்டத்துக்கு விடக்கூடாது. முதல் அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தாலே 108ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சாப்பிட்ட எல்லாப் பொருளையும், டப்பாவோடு, கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பதற்றத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் இந்தப் படபடப்பைப் 'பழைய பதற்றம் திரும்பிவிட்டது' என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. பேதியும் வியர்வையும் கால் துடிப்பும் சேர்ந்து வந்தால் அதை மனசின் மேல் போடாதீர்கள்.

இதே வழியில் வந்து சேரக்கூடிய வேறு பொருட்களும் நம் வீட்டு டப்பாவிலேயே இருக்கும். வறட்டு இருமல் சிரப் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெதோர்ஃபான் இருக்கிறது. முதுகுவலிக்கு எழுதும் டிரமடால் கலந்த மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், லைனசோலிட் என்கிற ஆன்டிபயாடிக், 5-எச்.டி.பி. என்று விற்கும் இன்னொரு தூக்க சப்ளிமெண்ட், எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். எந்தக் கடையில் எது வாங்கினாலும் "நான் எஸ்சிடலோபிராம் எடுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்குங்கள். மனநல மருந்து என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டினால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஒரு அமினோ அமிலத்தைத் தனியாக அதிகம் கொடுத்தால் இன்னொன்றின் வேலை கெடுமா என்பது நம் நாட்டில் பழைய ஆராய்ச்சிக் கேள்வி. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி டாக்டர் சி. கோபாலன் ஹைதராபாத் ஆய்வகத்தில் இருந்தபோது, சோளத்தையே பிரதான உணவாகச் சாப்பிட்ட தக்காணத்து மக்களுக்கு ஏன் பெல்லக்ரா வருகிறது என்று ஆராய்ந்தார். பெல்லக்ரா நியாசின் (வைட்டமின் பி3) குறைவால் வருவது. தோல் கருத்து உரியும், பேதியாகும், மனநிலையும் குழம்பும். நியாசினை உடல் டிரிப்டோஃபானிலிருந்தும் செய்துகொள்ளும், 60 மி.கி.க்கு 1 மி.கி. என்ற கணக்கில். சோளத்தில் லூசின் மிகுதி. அந்த மிகுதிதான் இந்த மாற்றத்தைக் கெடுக்கிறது என்று அவரும் டாக்டர் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட கேள்வி இன்றைக்கும் செல்லும். டப்பாவில் அள்ளி விற்கப்படும் பொருளும் அதே லூசின்தான்.

கடையில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மாதா மாதம் பார்க்கின்சன் மாத்திரை வாங்க வரும் ஒரு பெரியவர். ஒரு தடவை பர்ஸிலிருந்து நோட்டை எடுக்கவே முடியவில்லை. விரல் அந்த ஓரத்திலேயே நின்று நடுங்கியது. முந்தைய மாதம் அவரே எண்ணிக் கொடுத்தார். "மாத்திரை தவறுகிறதா ஐயா?" என்றேன். இல்லவே இல்லை, காலை எட்டு மணிக்குத் தவறாமல் போடுகிறேன் என்றார். எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அப்பா மெலிந்துவிட்டார் என்று மகன் அமினோ அமிலம் கலந்த புரோட்டீன் பவுடர் வாங்கித் தந்திருக்கிறார். அந்தக் கலவையிலேயே மாத்திரையையும் விழுங்கியிருக்கிறார். அவருடைய பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். குடலிலும் மூளை வாசலிலும் அது இதே கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். மகன் நரம்பியல் மருத்துவரிடம் பேசி, மாத்திரையைத் தண்ணீரில் முதலில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் காலை உணவு, பவுடர் மதிய உணவோடு என்று மாற்றினார். அடுத்த மாதம் பெரியவர் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார். மகன் பாசத்தில்தான் வாங்கித் தந்தார். 'இது வெறும் சத்து' என்று நினைத்ததால் மருத்துவரிடம் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது. டிரிப்டோஃபானுக்கே ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1989ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தாங்க முடியாத தசைவலியோடு வந்த பெண்களின் ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் கன்னாபின்னாவென்று ஏறியிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். அவர்களுக்குள் பொதுவாக இருந்தது டிரிப்டோஃபான் மாத்திரை. நாடு முழுக்க 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது 37 பேர் இறந்தார்கள். அந்த நவம்பரிலேயே மாத்திரையைத் திரும்பப் பெறச் சொன்னது அமெரிக்க அரசு. பெரும்பாலான நோயாளிகள் சாப்பிட்டது ஷோவா டெங்கோ என்கிற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த டிரிப்டோஃபான் என்று தெரியவந்தது. நொதிக்க வைக்கும் பாக்டீரியாவை மாற்றி, வடிகட்டும் கரித்தூளையும் குறைத்திருந்தார்கள். அந்தச் சரக்கில் மிகச் சிறிய அளவில் வேறு சேர்மங்கள் கலந்திருந்தன. சரியாக எந்தச் சேர்மம், முழுக்க அதுவேதானா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. லேபிளில் எழுதிய பெயர் டிரிப்டோஃபான்தான், அளவும் சரிதான். ஆள் படுத்தது லேபிளில் இல்லாத ஒன்றால் என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

நம் ஊர் நிலவரத்துக்கு 2024ல் வந்த ஆய்வு ஒன்று போதும். கேரளத்து மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இங்கே விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் புரத அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்ஸினும் இருந்தது. அதனால் வாங்குவது என்று முடிவானால், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரி, இவை நான்கும் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். உரிம எண்ணை இணையத்திலேயே சரிபார்க்கலாம். ஒவ்வோர் அமினோ அமிலமும் எத்தனை மி.கி. என்று பிரித்துப் போடாமல் மொத்தமாக 'பிளெண்ட்' என்று ஒரே எண் போட்டிருந்தால் அந்த டப்பாவை வைத்துவிடுங்கள். ஜிம்மில் பெரிய டப்பாவிலிருந்து கவரில் பிரித்துக் கொடுப்பதை வாங்கவே வேண்டாம். அனுமதிக்கப்பட்ட சப்ளிமெண்ட் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். தூக்க நோய்க்கு மருந்தாக அதை ஒருவர் பரிந்துரைத்தால் அந்த வரியை அவருக்கே படித்துக் காட்டலாம்.

பி.சி.ஏ.ஏ. உங்களுக்குத் தேவையா? என் அபிப்பிராயம், தேவையில்லை. தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலமும் வேண்டும். இதில் மூன்றுதான் இருக்கிறது. இந்தியர்களின் உண்மையான அமினோ அமிலத் தேவையை அளந்ததில் நம் கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் அனுரா குர்பாட் குழுவினர் அங்கே இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் சேர்ந்துதான், கிலோவுக்கு 12 மி.கி. என்று இருந்த லைசின் தேவையை 2007ல் 30 மி.கி. ஆக்கின. சோறு அதிகமும் பருப்பு கொஞ்சமும் சாப்பிடுகிற நமக்குக் குறைகிற அமினோ அமிலம் லைசின். உங்கள் டப்பாவில் அது துளிகூட இல்லை. சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்கி, சுண்டலோ இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்தால் அதைவிடப் பலன், செலவும் கம்மி.

இனி நீங்கள் அனுப்பிய படம். பி.சி.ஏ.ஏ. டப்பாவின் முன்பக்கத்தில் தர்பூசணிப் படம். பின்பக்கம் லூசின் அளவு எல்லாம் பெரிதாக இருக்கிறது. அதற்குக் கீழே, மடிப்பு விழுந்த இடத்தில், 'எனர்ஜி' என்ற தலைப்பின்கீழ் பொடி எழுத்தில் ஒரு வரி: கஃபீன், ஒரு ஸ்கூப்புக்கு 150 மி.கி. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நீங்கள் எழுதியபடி மதியம் மூன்று மணிக்கு ஜிம்மில் ஒரு ஸ்கூப், அப்புறம் ஷிஃப்டில் இரவு பத்து மணியிலிருந்து பாட்டிலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு ஸ்கூப். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை நான்கு மணிக்கு நீங்கள் படுக்கும்போது, கிட்டத்தட்ட ஒரு டம்ளர் ஃபில்டர் காபியை அப்போதுதான் குடித்த மாதிரி. தூக்கம் கெட்டதும் ஒரு மாதம், டப்பா வாங்கியதும் ஒரு மாதம். நீங்கள் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதியிருந்தீர்கள்.

அதனால் நாளையிலிருந்து அந்தப் பவுடரை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம், கஃபீனை விட்டதால் வருவது, போய்விடும். இரவு எட்டுக்கு மேல் காபி, டீயும் வேண்டாம். எஸ்சிடலோபிராமை எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. படுக்கப் போகும்போது போடுகிறீர்கள் என்றால் சிலருக்கு அதுவே தூக்கத்தைக் கலைக்கும்; எழுந்தவுடன் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எப்போது விழித்தீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு தாளில் குறியுங்கள்.

அந்தத் தாளையும் இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அதன் பிறகும் டிரிப்டோஃபான் சேர்க்கலாம் என்று அவர் சொன்னால், அளவை அவரே சொல்லட்டும், டிரெயினர் அல்ல. முதல் நாள் விடுமுறை நாளாக, கூட ஒருவர் இருக்கும்போது தொடங்குங்கள். போட்டபின் வண்டி ஓட்ட வேண்டாம், மது கூடவே கூடாது. அறை நண்பரிடம் மேலே சொன்ன அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள்.

மருத்துவரைப் பார்க்க நாள் தள்ளிப்போய், அதற்குள் மனசு மிகவும் கனத்தால் 14416 எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எந்த மருந்தாலும் சப்ளிமெண்டாலும் ஒவ்வாத விளைவு வந்தால், அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 எண்ணில் பதிவு செய்யலாம். பேட்ச் எண் கேட்பார்கள், அதனால் டப்பாவைத் தூக்கிப் போடும் முன் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் தம்பி, நான் பார்த்துப் பதில் சொல்கிறேன்.